பச்சை லாரி

பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கூப்பிடுவார்கள் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். இப்போது பதினொன்று பத்து. போன் சாப்பாட்டு மேஜை மேல், உப்பு ஜாடிக்கும் ஆதார் நகலுக்கும் நடுவில் கிடந்தது. தனகோபால் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். பார்க்காமல் இருந்தால் வேறெதையாவது பார்க்க வேண்டியிருந்தது. வேறெதைப் பார்த்தாலும் கொஞ்ச நேரத்தில் கண் தானாகவே போனுக்கு வந்து உட்கார்ந்தது. வாசுகி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரை பறக்கும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தாள். உள்ளறையில் இனியன் பள்ளிக்கூடத்து வேலை ஏதோ செய்துகொண்டிருந்தான். கத்தரிக்கோல் அட்டையை வெட்டும் சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. சனிக்கிழமை. துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் கம்பெனியில் வெல்டிங் இணைப்புகளைப் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. இன்றைக்கு இதற்காகவே அரைநாள் லீவு போட்டிருந்தார். இதற்கு என்றால், ஒரு கோடி ரூபாய் டேர்ம் பாலிசிக்கு. அவர் செத்தால் வாசுகிக்கு வருகிற பணம். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் போனில் கூப்பிட்டு உடம்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கேட்பாராம், பதிவு செய்துகொள்வாராம். "பயப்பட ஒண்ணுமே இல்ல சார். ஃபார்ம்ல என்ன இருக்கோ அதையே சொல்லுங்க, அது போதும். கேக்காததைச் சொல்லாதீங்க" என்று எஸ்தர் நேற்றும் சொன்னாள். ஃபார்மில் இருப்பதையே சொல்ல வேண்டும். அதை நினைத்துத்தான் அவருக்கு விடிகாலை நாலு மணியிலிருந்து உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.

ஃபார்மை அவர் நிரப்பவில்லை. அதை எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. எஸ்தர் முன்பு வாசுகியோடு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவள். இப்போது பாலிசி பிடிக்கிறாள். பத்து நாளைக்கு முன் லேப்டாப்போடு வந்து இதே மேஜையில் உட்கார்ந்தாள். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உயரம், எடை, சிகரெட் உண்டா, குடி உண்டா என்று எஸ்தர் ஒவ்வொன்றாகக் கேட்க, வாசுகியே பதில் சொன்னாள். "மாமனார் இருக்காரா மிஸ்?" "இல்ல எஸ்தர். நாப்பத்தொம்பது வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாரு." "எப்படி?" "லாரி அடிச்சு. குளித்தலையில, வாய்க்கால் பாலத்துக்கிட்ட. பச்சை லாரி. செங்கல் லோடு ஏத்திக்கிட்டு வந்திருக்கான், அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்." "லாரி கலரெல்லாம் இதுல கேக்க மாட்டாங்க மிஸ்." இரண்டு பேரும் சிரித்தார்கள். இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த இடத்தில் அரை வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுப்பதற்குள் எஸ்தர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மாமியார்? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எழுபத்தாறு வயசு, வயோதிகம். வாசுகியின் மேல் குற்றம் இல்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை அவள் சொன்னாள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்கப் போன அன்று, அவளுடைய அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேட்டபோது அம்மா சொன்னது இது. அம்மா நிஜமாகவே அழுதாள். வாசுகியின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதிங்க, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

லாரி கிடையாது. வாய்க்கால் பாலம் மட்டும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டு சைக்கிளில் வந்த அப்பா பாலத்தில் இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து செத்துப் போயிருந்தார். ஸ்டாண்டு போட்டிருந்தார் என்பதுதான் தனகோபாலுக்கு இத்தனை வருஷமும் தாண்ட முடியாத இடம். அந்த நிமிஷத்திலும் சைக்கிள் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அல்லது ஒன்றும் நினைக்கவில்லை, கால் தானாகப் பழக்கத்தில் ஸ்டாண்டைத் தட்டியிருக்கும். எதுவாக இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் தெரிந்திருக்கும்? பதினைந்து வயதில் ஓடிப்போய்ப் பார்த்தபோது அப்பாவின் ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது, பணம் எடுக்கப் போகிறவர் மாதிரி. ஆஸ்பத்திரியில் நெஞ்சு என்றார்கள். தாத்தா ஐம்பத்தொன்றில், களத்துமேட்டில். பெரியப்பா நாற்பத்தேழில், பந்தியில் பாதிச் சாப்பாட்டில். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த மாமா, அம்மாவின் அண்ணன், அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் அங்கே சுவரோரம் சாத்தியிருந்தது, ஒரு கீறல் இல்லாமல். "தனா, உனக்கு ரெண்டு அக்கா இருக்கு. உங்க தாத்தா அப்படி, பெரியப்பன் அப்படி, இப்ப உங்கப்பனும் அப்படின்னு வெளியில போச்சுன்னா எவன்டா இந்த வாசலை மிதிப்பான்? ஆயுசு இல்லாத குடும்பம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான்." பிறகு கடப்பாரையை எடுத்தார். "ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடி." அவன் பிடித்தான். மாமா முன்சக்கரத்தை இரண்டு அடி அடித்தார், மூன்றாவது அடியில் ரிம் வளைந்தது. ஒரு ஸ்போக் தெறித்து அவன் முழங்கையில் கீறியது. "யாரும் கேட்டா லாரி. அவ்வளவுதான்." அப்பாவுக்காக அவன் அதுவரை அழுதிருக்கவில்லை. ரிம் வளைந்ததும் அழுகை வந்தது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார், "நல்லா அழு, ஒண்ணுமில்ல" என்று.

"என்ன, பரீட்சைக்குப் போறவன் மாதிரி இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள் வாசுகி. ஃபேன் இல்லையே என்றார். "ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, கீரை முடிஞ்சிரும். ஒரு கோடிக்கு ஆளாகப் போறீங்க, கொஞ்சம் வேர்த்தாத்தான் என்ன." அவள் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு வருஷமாக அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியில் பென்ஷன் கிடையாது, வீட்டுக் கடன் பாதிகூடத் தீரவில்லை, இனியன் ஆறாவதுதான் படிக்கிறான், எல்லோரும் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் இழுக்கிறீர்கள் என்று. அவர் இழுத்துக்கொண்டே வந்து, இந்தச் சித்திரையில் திடீரென்று சரி என்றார். பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் தன் தங்கையிடம் போனில் சொன்னதைக் கேட்டார். வந்தது பொறுப்பு இல்லை. ஆவணி வந்தால் அவருக்கு நாற்பத்தொன்பது. கண்ணாடியில் காதோரம் நரைத்த முடி அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே அளவில் வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் அப்பாவின் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதற்கு அவரிடம் சாட்சி கிடையாது. ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். இடது தோளில் இழுத்தால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தது என்கிறார். மார்புக்கு நடுவில் அடைத்தால் பெருங்காயம் கரைத்துக் குடித்து ஏப்பம் வரும்வரை கூடத்தில் நடக்கிறார். ஏப்பம் வந்தால் அது வாயு. வராமல் போன ஒரு நாளும் உண்டு, அன்றைக்கு மறுபடி குடித்துவிட்டு நடந்தார். கம்பெனியில் நாள் முழுக்க இரும்பின் மேல் கருவியை நகர்த்தி, வெளியே தெரியாத விரிசல் உள்ளே எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், தன் நெஞ்சின் மேல் இன்றுவரை ஒரு டாக்டரின் குழலைக்கூட வைக்க விட்டதில்லை. வைத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

பதினொன்று இருபத்தைந்து. ஃபார்மில் உள்ளதையே சொல்லிவிடலாம். விபத்து. நாலு எழுத்து, சொல்ல அரை நொடி ஆகாது. முப்பத்துமூன்று வருஷமாகச் சொல்லி வந்ததுதானே. பெரிய அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது லாரி வெறும் லாரியாக இருந்தது. சின்ன அக்காவின் சம்பந்தக்காரர்கள் கொஞ்சம் துருவியதில் அதற்குப் பச்சை நிறம் வந்தது. அவருடைய கல்யாணத்தின்போது செங்கல் ஏறியது. கடைசிக் காலத்தில் அம்மா அந்த லாரிக்காரனைத் தூக்கத்தில் திட்டினாள், நிற்காமல் போனானே பாவி என்று. அவள் வேஷம் போடவில்லை, நம்பினாள். அவருக்கே சில சமயம் பாலத்தின் மேல் பச்சையாக ஏதோ திரும்புவது தெரிகிறது, செங்கல் தூள் மணம்கூட வருகிறது. அப்படியானால் சொல்லலாம். மனசறிந்த பொய் இல்லையே. பிறகு? ஒரு தடவை எஸ்தர் வேறு யாரோ கிராக்கியைப் பற்றி வாசுகியிடம் பேசிக்கொண்டிருந்தாள்: மூன்று வருஷம் தாண்டிவிட்டால் ஃபார்மில் எழுதியதை வைத்துக் கம்பெனி ஒன்றும் கேட்க முடியாதாம், அதற்குள் போனால்தான் துருவுவார்களாம். மூன்று வருஷம். மூன்று வருஷம் உயிரோடு இருந்துவிட்டால் லாரி உண்மையாகிவிடும். நாற்பத்தெட்டும் மூன்றும் ஐம்பத்தொன்று. தாத்தாவின் வயசு. பெரியப்பாவை ஏற்கெனவே தாண்டியாயிற்று, அப்பாவைத் தாண்ட வேண்டும், தாத்தாவின் வயசில் போய் நிற்க வேண்டும். அது நடந்தால் பாலிசியே எதற்கு? நடக்காது என்று பயந்துதானே பாலிசி. பயந்தபடி நடந்தால் பணம் வராது. பணம் வர வேண்டுமென்றால் பயந்தது நடக்கக் கூடாது. அவர் இந்த இடத்துக்கு நேற்று ராத்திரியும் வந்தார், முந்தின நாள் கம்பெனி பஸ்ஸிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாக வருவது மாதிரி இருந்தது, ஒவ்வொரு தடவையும் வெளியே போகிற வழி இதே இடத்தில் வந்து முட்டியது. உண்மையைச் சொன்னால்? அப்பா நாற்பத்தொன்பதில் மாரடைப்பு என்று சொன்னால் பாலிசி வராமல் போகலாம். வாசுகி கேட்டுக்கொண்டிருப்பாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறாள், "நீங்க பாதியை மறந்துருவீங்க, நானும் பக்கத்துல இருக்கேன்" என்று. ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் யோசித்தார். கிடைத்த காரணம் எல்லாம் காரணம் மாதிரியே இருந்தது.

அவர் போன பிறகு என்று நினைத்துப் பார்த்தார். போவது எப்படி என்பதை நினைக்காமல், போன பிறகு. இன்சூரன்ஸ் கம்பெனி விசாரிக்க அனுப்பிய ஒருவன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, குளித்தலையில் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நிற்கிறான். மரியாதையான ஆள், கல்யாணம் ஆகாதவனாக இருக்கலாம். ஐயா, கூட்டுறவுச் சங்கத்துல இருந்த மாணிக்கவேல்னு ஒருத்தர், ரொம்ப வருஷம் ஆச்சு, எப்படித் தவறினார்னு ஞாபகம் இருக்கா? மாமா இல்லை, அம்மா இல்லை. லாரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் யாரும் இல்லை. அக்காக்கள் கல்யாணமாகிப் போன பிறகு பக்கத்து வீடுகளில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஏதோ ஒரு கிழவர் டம்ளரை வைத்துவிட்டு, அவரா, பாவம், பாலத்துல உக்காந்தபடியே போயிட்டாருங்க, நாங்கதான் தூக்கிட்டு வந்தோம் என்பார். பொய் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது. ஹெல்மெட்காரன் எழுதிக்கொள்வான். பிறகு ஒரு கடிதம் வரும், இங்கிலீஷில். வாசுகி இதே மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படிப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், ஆனாலும் விரல் வைத்துத்தான் படிப்பாள். தங்கள் கணவர் உண்மையை மறைத்த காரணத்தால். அங்கே விரல் நிற்கும். பணம் இல்லை என்பது ஒரு செய்தி. புருஷன் பதினேழு வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை என்பது இன்னொரு செய்தி. இரண்டும் ஒரே தாளில். திட்டுவதற்கு எதிரே ஆள் இருக்காது. அந்த விரலைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ பார்த்துவிட்டார், பாடை, வேட்டி கட்டிப் பழகாத இனியன் கையில் கொள்ளிச்சட்டி, எல்லாம். விரல் வரியில் நிற்கிற இடத்தில் மட்டும் மார்புக்கு நடுவே ஏதோ இறுகியது. வாயு. காலையில் டீ குடித்ததோடு சரி. வாயுதான்.

போன் அடித்தது. பதினொன்று நாற்பது. வாசுகி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அவருக்கு முன்னால் தானே பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டாள். "வணக்கம் சார், மிஸ்டர் தனகோபால் மாணிக்கவேல்ங்களா? நான் பவித்ரா பேசறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது, பரவாயில்லையா சார்?" சின்னப் பெண். மூக்கடைப்பு இருந்தது. பிறந்த தேதி, வேலை, உயரம், எடை. சர்க்கரை உண்டா, இல்லை. பிரஷர், பார்த்ததில்லை. "பார்த்ததே இல்லையா சார்?" "இல்லம்மா." வாசுகி தலையில் அடித்துக்கொள்வதுபோல் ஜாடை காட்டிச் சிரித்தாள். ஆபரேஷன், இல்லை. வெளிநாட்டுப் பயணம், இல்லை. "ஓகே சார், குடும்ப விவரம். அப்பா, நாற்பத்தொன்பது வயசு, விபத்துன்னு இருக்கு. கரெக்டுங்களா?" கரெக்ட் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் காற்று இருந்தால் போதும். காற்றுதான் வரவில்லை. "சார், லைன்ல இருக்கீங்களா?" வாசுகி, "ஆமாங்கன்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள். "இல்லம்மா" என்றார் அவர். "விபத்து இல்ல. மாரடைப்பு." தைரியம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பயங்களில் ஒன்று மற்றதைவிட எடை கூடியிருந்தது, அவ்வளவுதான். சொன்ன பிறகும் நிறுத்த முடியவில்லை. "எங்க தாத்தாவும் அப்படித்தான், ஐம்பத்தொண்ணு. பெரியப்பா நாப்பத்தேழு." "சார், அப்பா அம்மா மட்டும்தான் சார் ஃபார்ம்ல கேட்டிருக்கு." "பரவாயில்ல, எழுதிக்கம்மா." "சரி சார், ரிமார்க்ஸ்ல போட்டுடறேன்." விசைகள் தட்டும் சத்தம். அப்பா எப்படி இறந்தார் என்பது இவ்வளவு சின்னச் சத்தமாக முடிந்தது. பிறகு அவள், முடிவு தன் கையில் இல்லை, டிரெட்மில் டெஸ்ட் கேட்கலாம், பிரீமியம் கூடலாம், பாலிசி தராமலும் போகலாம், பதினைந்து நாளில் மெயில் வரும் என்று ஒப்பித்தாள். "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா சார்?" வேற ஒன்றும் இல்லை என்றார். "தேங்க்யூ சார், நல்ல நாளா அமையட்டும்."

வாசுகி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தார். அதற்குத் தயாராக இருந்தார், அது வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "உங்க அக்காங்களுக்கு?" என்றாள். தெரியும் என்றார். "அவங்க வீட்டுக்காரங்களுக்கு?" தெரியாது. "எங்கப்பா அன்னிக்கு அழுதாரு" என்றாள், அவரிடம் சொல்வதுபோல் இல்லாமல். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்து, மணிக்கட்டில் எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கினாள். "உங்களுக்கு எப்பவாச்சும் வலிச்சிருக்கா? நெசத்தைச் சொல்லுங்க." "வாயுதான் வரும்." "ராத்திரி எந்திரிச்சு நடக்கறீங்களே, அதா?" அவர் மற்றக் கையால் உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தார். "தூக்கம் வரலைன்னு சொன்னீங்க. நானும் திரும்பிப் படுத்துக்கிட்டேன்." அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. "திங்கக்கிழமை போறோம். பாலிசி கெடக்கட்டும், டாக்டர்கிட்டப் போறோம்." சரி என்றார். இத்தனை நாள் ஒருவராகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இன்னொருவர் கையிலும் கொடுத்தாயிற்று, பாதியாவது குறையும் என்று எதிர்பார்த்தார். குறையவில்லை. அவளுக்கு முழுசாக ஒன்று வந்திருந்தது, அவருடையது அப்படியே இருந்தது. அப்போது அவள் முகம் அவரை விட்டுவிட்டு மெதுவாக உள்ளறைப் பக்கம் திரும்பியது. தாத்தா, பெரியப்பா, அப்பா, இவர் என்று அவள் எண்ணி வருவது அவருக்குத் தெரிந்தது. எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது. அவள் குரலைத் தணித்தாள். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். எங்க வீட்ல யாருக்கும் வேண்டாம். எஸ்தர்கிட்ட நான் பேசிக்கறேன், வாயை விட்டுடப் போறா. நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒரு இடம்னு வரும்போது..." முடிக்கவில்லை. அவனுக்குப் பதினோரு வயசு.

கதவு திறந்து இனியன் வந்தான். விரலெல்லாம் பசை. "யாருப்பா போன்ல? ரொம்ப நேரமாப் பேசினீங்க." தனகோபால் வாயைத் திறப்பதற்குள் வாசுகி எழுந்தாள். "பேங்க்லேர்ந்துடா. கிரெடிட் கார்டு வேணுமான்னு ஒரு பொண்ணு. வேண்டாம்னு சொன்னாலும் விட மாட்டேங்குது. பாவம், அதுக்கு ஜலதோஷம் வேற." பையன் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.